எண்ணப்படாத குதிரைகள்

1983 ஜூலையில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கீன்லாண்ட் ஏலக்கூடத்தில், ஒரு வயதுக் குதிரைக்குட்டி ஒன்று 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதுவரை அது ஒரு பந்தயத்திலும் ஓடியதில்லை. துபாயின் ஷேக் முகமது அத்தனை பணம் கொடுத்தது அதன் தகப்பனுக்காக. தகப்பன் பெயர் நார்தர்ன் டான்சர். குட்டிக்கு ஸ்னாஃபி டான்சர் என்று பெயரிட்டு, பயிற்சிக்கு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கடைசிவரை அது ஒரு பந்தயத்திலும் இறங்கவில்லை. இறக்கும் அளவுக்கு அதனிடம் வேகம் இல்லை. பொலிகுதிரையாகவாவது பயன்படும் என்று பார்த்தால், பெட்டைகளைச் சினைப்படுத்தும் திறனும் அதற்குக் குறைவாக இருந்தது.

இருபத்தோரு ஆண்டுகள் முன்னால் போவோம். 1962இல் கனடாவில் ஈ. பி. டெய்லர் தன் பண்ணையின் ஒரு வயதுக் குட்டிகளை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை குறித்து விற்பனைக்கு வைத்தார். அவற்றில் ஒன்று குட்டையாக, கட்டைக் கால்களுடன் இருந்தது. விலை 25,000 டாலர். வந்தவர்கள் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். வேறு வழியின்றி டெய்லரே அதை வைத்துக்கொண்டார். 1964இல் அது கென்டக்கி டெர்பியைச் சரியாக 2 நிமிடத்தில் ஓடி வென்றது. அதற்குமுன் எந்தக் குதிரையும் அந்த நேரத்தில் அதை ஓடி முடித்ததில்லை. அந்தக் குட்டைக் குட்டிதான் நார்தர்ன் டான்சர்.

மகனுக்குக் கோடி கொடுத்தவர்களும் தகப்பனை வேண்டாம் என்றவர்களும் விவரம் தெரியாதவர்கள் அல்லர். பிறந்தது முதல் குதிரைகளோடே வாழ்ந்தவர்கள். ஆனாலும் இரண்டு முறையும் கணிப்பு பொய்த்தது. பந்தயக் குதிரை வளர்ப்பின் முந்நூறு ஆண்டு வரலாறு, இந்தப் பொய்த்துப்போதலிலிருந்து தப்பிக்க மனிதர்கள் கட்டிய கோட்பாடுகளின் வரலாறு. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தபோது என்னை வியக்க வைத்தது, அவை பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறி விழுந்திருப்பதுதான். வென்ற குதிரைகளை எண்ணினார்கள். அதே வம்சத்தில் பிறந்து தோற்ற குதிரைகளை யாரும் எண்ணவில்லை.

தரோபிரெட் என்னும் இனம் உருவானது இங்கிலாந்தில். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, துருக்கி, சிரியா, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளின் ஆண் குதிரைகள் அங்கே போய் இறங்கின. அவற்றில் மூன்றின் பெயரை எல்லாக் குதிரை நூல்களும் சொல்லும். பையர்லி டர்க்: கேப்டன் ராபர்ட் பையர்லி இதன்மேல் ஏறித்தான் 1690இல் அயர்லாந்தின் பாயின் போரில் சண்டையிட்டார். டார்லி அரேபியன்: அலெப்போவில் இருந்த தாமஸ் டார்லி 1704இல் அதை வாங்கி, யார்க்‌ஷயரில் இருந்த தன் குடும்பத்துக்கு அனுப்பினார். கோடால்ஃபின் அரேபியன்: துனிசிலிருந்து பிரான்ஸ் வழியாக வந்து, 1753இல் இறந்தது. இன்று உலகில் உள்ள ஒவ்வொரு தரோபிரெட்டின் தகப்பன் வழியையும் பின்தொடர்ந்து போனால், இந்த மூன்றில் ஒன்றில்தான் முடியும். கிண்டியிலும் உதகையிலும் ஓடிய குதிரைகளுக்கும் இதுவே பொருந்தும்.

மூன்றிலும் டார்லியின் ஆண்வழிதான் ஏறக்குறைய முழுவதையும் பிடித்துக்கொண்டது. பேட்ரிக் கன்னிங்ஹாமும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்றைய தரோபிரெட்களில் 95 சதவீதத்தின் தகப்பன் வழி டார்லி அரேபியனிடம் போய்ச் சேர்கிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே குதிரை. 1764 ஏப்ரல் 1ஆம் தேதி, சூரிய கிரகணத்தன்று பிறந்ததால் எக்லிப்ஸ் என்று பெயர் பெற்ற அது, 18 பந்தயங்களில் ஓடி ஒன்றிலும் தோற்கவில்லை. டார்லியிடமிருந்து ஆண்வழியில் நான்காம் தலைமுறை. அதன் எலும்புக்கூடு இன்றும் இங்கிலாந்தின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். ஆண்வழி என்பது நம் கோத்திரம் போன்றது. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் ஒற்றை இழை. என் கோத்திரம் எந்த முன்னோர் பெயரில் இருக்கிறதோ அவருடைய ரத்தம்தான் என் உடம்பில் அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. பத்துத் தலைமுறைக்கு மேலே எனக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னோர் இடங்கள் உண்டு. குதிரைக்கும் அதே கணக்குதான். கன்னிங்ஹாம் குழு எல்லா வழிகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, இன்றைய தரோபிரெட்டின் மரபணுக்களில் அதிகப் பங்கு கோடால்ஃபின் அரேபியனுடையது என்று தெரிந்தது: ஏறத்தாழ 14 சதவீதம். புகழ்பெற்ற டார்லியின் பங்கு அதில் பாதி அளவுதான். ‘எக்லிப்ஸ் வம்சம்’ என்ற விளம்பரத்தில் எவ்வளவு சாரம் இருக்கிறது என்பதை வாசகர் இதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம். ஏறக்குறைய எல்லாக் குதிரையும் எக்லிப்ஸ் வம்சம்தான், தோற்றவை உட்பட.

பெட்டைகளின் கதை இன்னும் சுவையானது, அதிகம் சொல்லப்படாதது. வெளிநாட்டு ஆண் குதிரைகள் இங்கிலாந்தில் யாரோடு சேர்ந்தன? 2011இல் வெளியான ஒரு மைட்டோகாண்ட்ரியா ஆய்வு, தரோபிரெட்டின் தாய்வழிகளில் பிரிட்டன், அயர்லாந்து நாட்டுக் குதிரைகளின் பங்கு கணிசமானது என்று காட்டியது. அதாவது இந்தத் ‘தூய’ இனம், அயல்நாட்டு ஆணும் உள்ளூர்ப் பெட்டையும் கலந்து பிறந்த கலப்பினம். அந்த உள்ளூர்ப் பெட்டைகளில் பலவற்றுக்குப் பெயர்கூட இல்லை. இன்னாருடைய பெட்டை, இன்னதன் மகள் என்று மட்டும் ஏட்டில் இருக்கிறது. அவற்றில் ஏதோ ஒன்று தந்துவிட்டுப் போனதுதான் இன்றைய பந்தயங்களை வெல்கிறது என்பதைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

ஏடு என்றேனே, அதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஜேம்ஸ் வெதர்பி என்பவர் 1791இல் முன்னோட்டமாக ஒரு தொகுதியை வெளியிட்டு, பிறகு ‘ஜெனரல் ஸ்டட் புக்’ என்னும் வம்சப் பதிவேட்டை முறைப்படுத்தினார். தாயும் தகப்பனும் ஏட்டில் இருந்தால்தான் குட்டி தரோபிரெட். ஏடு மூடியது, வெளி ரத்தம் நுழையும் வாசல் அடைபட்டது. 1913இல் பிரிட்டன் இன்னும் ஒரு படி போய், ஜெர்சி சட்டம் என்று பெயர் பெற்ற ஒரு விதியால் பெரும்பாலான அமெரிக்கக் குதிரைகளைக் கலப்பு என்று ஒதுக்கியது. 1948இல் இங்கிலாந்தின் பெரும் பந்தயங்களில் இரண்டை, மை பாபுவும் பிளாக் டார்குவினும் வென்றன. இரண்டுமே அந்த விதிப்படி தரோபிரெட் என்று சேர்த்துக்கொள்ளப்படாதவை. மறு ஆண்டே விதி நீக்கப்பட்டது.

மூடிய ஏடு, எழுதிவைத்த வம்சாவளி, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓடிக்காட்ட ஒரு திடல். ஒரு விஞ்ஞானி ஆசைப்படக்கூடிய பரிசோதனைச் சாலை இது. மெண்டல் பட்டாணியை விதைப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. விளக்கம்தான் இல்லை. அந்த வெற்றிடத்தில் கோட்பாடுகள் முளைத்தன.

முதலில் ஒரு நம்பிக்கை. ஒரு பெட்டையை முதன்முதலில் சினைப்படுத்திய ஆணின் சாயல், பிறகு வேறு ஆணுக்குப் பிறக்கும் குட்டிகளிலும் தெரியும் என்றார்கள். மோர்டன் பிரபு தன் அரேபியப் பெட்டையை, வரிக்குதிரையின் உறவான குவாகாவோடு சேர்த்தார். அடுத்து அதே பெட்டை ஓர் அரேபிய ஆணுக்குப் போட்ட குட்டிகளின் கால்களிலும் வரிகள் தெரிந்தன. 1821இல் ராயல் சொசைட்டியின் இதழில் இது அச்சானது. டார்வினே இதைப் பொருட்படுத்தினார். மட்டக் குதிரையோடு ஒருமுறை சேர்ந்த பெட்டை ‘கெட்டுப்போனது’ என்று ஒதுக்கும் வழக்கம் இதனால் வலுப்பெற்றது. ஸ்காட்லாந்தில் கோசர் எவார்ட் 1890களில் உண்மையான வரிக்குதிரைகளை வைத்துச் சோதித்தார். முந்தைய ஆணின் சாயல் எதுவும் வரவில்லை. வரிக்குதிரையைக் கண்ணால் காணாத பெட்டைகளின் குட்டிகளிலும் கால் வரிகள் அவ்வப்போது தோன்றும் என்பதே விடை. வரி விழுந்த குட்டிகளை நினைவில் வைத்தவர்கள், வரி இல்லாத குட்டிகளை மறந்தார்கள்.

அடுத்தவர் ஆஸ்திரேலியாவின் புரூஸ் லோ. ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று நாம் சொல்வதை அவர் கணக்காக்கப் பார்த்தார். ஏட்டில் உள்ள ஒவ்வொரு குதிரையின் தாய், தாயின் தாய் என்று பின்னோக்கிப் போய், எல்லாவற்றையும் 43 மூலப் பெட்டைகளில் கொண்டுபோய் நிறுத்தினார். டெர்பி, ஓக்ஸ், செயின்ட் லெஜர் ஆகிய மூன்று பெரும் பந்தயங்களில் எந்தப் பெட்டையின் வழி அதிக வெற்றி பெற்றதோ அதற்கு 1ஆம் எண், அடுத்தது 2, இப்படியே 43 வரை. முதல் ஐந்தும் ‘ஓட்டக் குடும்பங்கள்’. 3, 8, 11, 12, 14 ஆகியவை நல்ல பொலிகுதிரைகளைத் தரும் குடும்பங்கள். அவர் இறந்தபின் 1895இல் நூல் வெளியானது. வளர்ப்பவர்கள் அதை வேதம் போலப் பிடித்துக்கொண்டார்கள். நம் பக்கத்தில் மாடு வாங்கப் போகிறவர் முதலில் சுழி பார்ப்பது போல, அங்கே பெட்டை வாங்கப் போகிறவர் முதலில் எண் பார்த்தார்.

ஒரு தெருவில் 500 பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்களில் 10 பேர் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். பக்கத்துத் தெருவில் 20 பிள்ளைகள்; 2 பேர் போகிறார்கள். எந்தத் தெரு கெட்டிக்காரத் தெரு? லோவின் கணக்கில் முதல் தெருதான். 1ஆம் குடும்பத்தில் பெட்டைகள் மிகுதி; குட்டிகள் மிகுதி; ஆகவே வெற்றிகளும் மிகுதி. எத்தனை ஓடி எத்தனை வென்றன என்று அவர் கேட்கவே இல்லை. மேலும், தாய்க்குத் தாய் என்று இருபது தலைமுறை பின்னே உள்ள ஒரு பெட்டையிடமிருந்து இன்றைய குட்டிக்கு உறுதியாக வந்துசேர்வது மைட்டோகாண்ட்ரியாவின் சிறு டி.என்.ஏ. மட்டுமே. அதையும் 2002இல் எம்லின் ஹில்லும் அவருடைய குழுவினரும் சோதித்தார்கள். ஒரே குடும்ப எண்ணைத் தாங்கிய குதிரைகளிலேயே வெவ்வேறு தாய்வழிகள் இருந்தன. பதிவேட்டின் பழைய பக்கங்களில் எங்கோ பெட்டைகள் மாறிப்போயிருக்கின்றன. ஆனாலும் குடும்ப எண்கள் வம்சாவளி அட்டவணைகளில் இன்றும் அச்சாகின்றன.

பிரெஞ்சு ராணுவ அதிகாரி வுயியே வேறு திசையில் போனார். பெருங்குதிரைகளின் வம்சாவளியைப் பன்னிரண்டாம் தலைமுறை வரை விரித்தார். அங்கே 4,096 முன்னோர் இடங்கள். கையால் எண்ணினார். ஹெராட் என்னும் குதிரையின் பெயர் ஏறக்குறைய 750 இடங்களிலும், எக்லிப்ஸ் 570 இடங்களிலும் வருவதாகக் கண்டார். இந்த அளவுதான் சாம்பியனின் செய்முறை, குறைந்ததை இணைசேர்ப்பில் ஈடுகட்ட வேண்டும் என்பது அவர் முடிவு. மூன்றாம் ஆகா கான் அவரை ஆலோசகராகவே அமர்த்திக்கொண்டார். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் மூடிய ஏட்டுக்குள் நூற்றைம்பது ஆண்டுகள் கலந்த பிறகு, எந்தக் குதிரையை எடுத்தாலும் பன்னிரண்டாம் தலைமுறையில் அதே பெயர்கள் அதே அளவில்தான் இருக்கும். கடைசியாக வந்த குதிரைக்கும் ஹெராட் 750 இடங்களில் வந்திருக்கும். அதை அவர் எண்ணவில்லை.

அவருடைய முறையின் பேரப்பிள்ளை 1981இல் அமெரிக்காவில் பிரபலமானது. ஸ்டீவன் ரோமன் என்பவர் வகுத்த ‘டோசேஜ்’ குறியீட்டெண். நெருங்கிய நான்கு தலைமுறைகளில் உள்ள சிறந்த பொலிகுதிரைகளுக்கு, அவை தருவது வேகமா தாக்குப்பிடிக்கும் திறனா என்று பார்த்து மதிப்பெண் கொடுப்பது. 1929 முதல், 4க்கு மேல் எண் கொண்ட எந்தக் குதிரையும் கென்டக்கி டெர்பியை வென்றதில்லை என்றார்கள். 1991இல் ஸ்ட்ரைக் தி கோல்ட் வென்றது. அதன் எண் 9. பிறகு என்ன செய்தார்கள்? அதன் தகப்பன் அலிடாரையும் ‘சிறந்த பொலிகுதிரை’ப் பட்டியலில் சேர்த்தார்கள்; மகனின் எண் 4க்குக் கீழே இறங்கியது. விடை தெரிந்த பிறகு வினாவைத் திருத்தும் இத்தகைய முறையை அறிவியல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் கோட்பாட்டாளர்களுக்கு நடுவே, தனித்து நிற்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார். இத்தாலியின் ஃபெடரிகோ டெசியோ. 1869இல் பிறந்தவர். 1898இல் மாஜோரே ஏரிக்கரையில், டோர்மெல்லோ என்னும் ஊரில் பண்ணை வைத்தார். பெரும்பணக்காரப் பண்ணைகளோடு ஒப்பிட்டால் அது சிறியது. குதிரைப் பந்தயத்தில் இத்தாலி அன்று பின்தங்கிய நாடு. அங்கிருந்துகொண்டு இத்தாலிய டெர்பியைச் சுமார் இருபது முறை வென்றார். 1915இல், போர் நடுவே, நியூமார்க்கெட் ஏலத்தில் கேட்னிப் என்ற பெட்டையை 75 கினிக்கு வாங்கினார். அன்றைய கணக்கிலும் அது அற்ப விலை. கேட்னிப்பின் மகள் நோகாரா. நோகாராவை ஃபேர்வே என்ற பொலிகுதிரையோடு சேர்க்க விரும்பினார். அந்த ஆண்டு ஃபேர்வேக்கு இடமில்லை என்றார்கள். சரி, அதன் உடன்பிறப்பு ஃபாரோஸோடு சேருங்கள் என்றார். 1935இல் பிறந்தது நியர்கோ. 14 பந்தயங்கள், 14 வெற்றி. 1938இல் பாரிசின் கிராண்ட் ப்ரீயை வென்ற சில நாட்களிலேயே, 60,000 பவுண்டுக்கு இங்கிலாந்துக்கு விற்றார். எந்தப் பொலிகுதிரைக்கும் அதுவரை அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. போர்க்காலத்தில் நியூமார்க்கெட்டில் அதற்கென்றே குண்டுத் தாக்குதல் பதுங்குமிடம் கட்டினார்கள். அதன் மகன் நியர்க்டிக். பேரன்தான், 25,000 டாலருக்கு விலைபோகாத நார்தர்ன் டான்சர்.

டெசியோ வளர்த்த கடைசிப் பெருங்குதிரை ரிபோ. மிகவும் சிறிதாக இருந்ததால் இத்தாலியின் பெரும் பந்தயங்களுக்கு அதன் பெயரைக் கொடுக்கவே இல்லை. 1954 மே மாதம் டெசியோ இறந்தார். ஜூலையில் ரிபோ முதல் பந்தயத்தில் ஓடியது. 16 ஓட்டங்கள், 16 வெற்றி. 1955, 1956 இரண்டு ஆண்டும் பாரிசின் ஆர்க் டி டிரையோம்ப் கோப்பை. டெசியோவே தன் கடைசிச் சாம்பியனை அடையாளம் காணவில்லை என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை.

டெசியோ என்ன சூத்திரம் வைத்திருந்தார் என்று பலர் தேடினார்கள். நரம்புச் சக்தி பற்றியும், மயிர் நிறம் பற்றியும், மெண்டல் பற்றியும் அவர் எழுதியதை எல்லாம் அலசினார்கள். சூத்திரம் அகப்படவில்லை. என் எண்ணத்தில், அவருடைய பலம் வேறிடத்தில் இருந்தது. குட்டியை வளர்த்தவரும் அவரே, உரிமையாளரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. எந்த இணைசேர்ப்பில் பிறந்த குட்டி எந்தத் தூரத்தில் மூச்சு வாங்கியது, எது கூட்டத்தைக் கண்டு மிரண்டது, எது கடைசி இருநூறு மீட்டரில் கைவிட்டது என்று அவர் கண்ணாலேயே கண்டார். வேறு யாரும் எண்ணாத தோல்விகளை அவர் தன் தொழுவத்திலேயே எண்ணினார். தன் சாம்பியன்களிடமே சொக்கிப்போய் அவற்றையே பொலிகுதிரையாகப் பயன்படுத்தவும் இல்லை. விற்றுவிட்டு, தன் பெட்டைகளை ஐரோப்பா முழுவதும் வெவ்வேறு ஆண்களிடம் அனுப்பினார்.

தோல்விகள் எவ்வளவு அருகில் கிடக்கின்றன என்பதற்கு 1969இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆக்டன் ஃபிப்ஸ் என்பவரின் பொலிகுதிரை போல்ட் ரூலர். சென்னரி குடும்பத்தின் பெட்டை சம்திங்ராயல். இணைசேர்ப்புக்குக் கட்டணம் கிடையாது. ஆண்டுக்கு இரண்டு பெட்டைகளாக, இரண்டு ஆண்டுகளில் பிறக்கும் குட்டிகளை நாணயம் சுண்டிப் பிரித்துக்கொள்வது என்று ஒப்பந்தம். ஃபிப்ஸ் வென்றார். சம்திங்ராயல் ஏற்கெனவே போட்டிருந்த பெண்குட்டியை எடுத்துக்கொண்டார். அதன் பெயர் தி பிரைட். நான்கு முறை ஓடியது, ஒன்றிலும் வெல்லவில்லை. தோற்ற பென்னி சென்னரிக்குக் கிடைத்தவற்றில் ஒன்று, சம்திங்ராயல் வயிற்றில் இருந்த அடுத்த குட்டி. அதே தாய், அதே தகப்பன். 1973இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் அது வென்றது. மூன்றாவதில் அடுத்த குதிரைக்கும் அதற்கும் 31 குதிரை நீளம் இடைவெளி. அந்தக் குட்டிதான் செக்ரடேரியட். அந்த மூன்று பந்தயங்களிலும் அது ஓடிய நேரங்கள் இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

குதிரைக்கு 32 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத்தான் குட்டிக்குக் கொடுக்க முடியும். எது என்பது குருட்டு அதிர்ஷ்டம். ஆக ஒரு பெட்டை தன் குட்டிக்குக் கொடுக்கக்கூடிய கலவைகள் சுமார் 429 கோடி. ஆணுக்கும் அதே 429 கோடி. குரோமோசோம்கள் தமக்குள் துண்டு மாற்றிக்கொள்வதை இதில் சேர்க்கவே இல்லை. வம்சாவளி அட்டவணையில் செக்ரடேரியட்டுக்கும் தி பிரைடுக்கும் ஓர் எழுத்துகூட வேறுபாடு இல்லை. அட்டவணையை எந்தக் கோணத்திலிருந்து எண்ணினாலும் அந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது. வம்சாவளிக் கோட்பாடுகளின் எல்லை இதுதான்.

மரபணுவைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஓரளவு விடை கிடைத்தது. 2010இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் எம்லின் ஹில் குழு, மயோஸ்டாடின் என்னும் மரபணுவைச் சுட்டியது. தசை இதற்குமேல் வளர வேண்டாம் என்று உடம்புக்குக் கடிவாளம் போடும் மரபணு அது. குதிரையிடம் அதன் இரண்டு வடிவங்கள் உள்ளன. சி, டி என்று பெயர். இரு பெற்றோரிடமிருந்தும் சி வந்தால் கட்டுமஸ்தான உடல், விரைவில் முதிர்ச்சி, ஐந்தாறு பர்லாங் குறுந்தூர ஓட்டம். இரண்டும் டி என்றால் ஒன்றரை மைலும் அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கும் உடல். ஒன்று சி, ஒன்று டி என்றால் நடுத்தரத் தூரம். இரண்டு சி உள்ள ஆணையும் இரண்டு டி உள்ள பெட்டையையும் சேர்த்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு சி, ஒரு டி. மெண்டலின் பட்டாணிக் கணக்கு இருநூறு ஆண்டு ஏட்டில் கடைசியாக ஓர் இடத்தில் சரியாகப் பொருந்தியது.

2012இல் இதைத் தொடர்ந்த ஆய்வு என் மனத்தில் தங்கிவிட்டது. 1764க்கும் 1930க்கும் இடையில் பிறந்த பன்னிரண்டு புகழ்பெற்ற பொலிகுதிரைகளின் எலும்பிலும் பல்லிலும் இருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள். எல்லாமே இரண்டு டி. அந்தக் காலத்துப் பந்தயம் அப்படி: நான்கு மைல், ஒரே நாளில் பலமுறை ஓட வேண்டும். சி எங்கிருந்து வந்தது? பல இனக் குதிரைகளோடு ஒப்பிட்டபோது, தரோபிரெட் இனம் உருவான தொடக்கத்தில் ஒரே ஒருமுறை அது நுழைந்திருக்கிறது என்றும், மூலம் அநேகமாகப் பிரிட்டிஷ் நாட்டுப் பெட்டை என்றும் முடிவுக்கு வந்தார்கள். அரேபியாவைப் பற்றிய அத்தனை பெருமைக்கும் அடியில், வேகத்தைத் தந்தது பெயர் எழுதப்படாத ஓர் உள்ளூர்ப் பெட்டை. பந்தயத் தூரம் குறையக் குறைய, இரண்டு வயதிலேயே குதிரைகளை ஓடவிடத் தொடங்கத் தொடங்க, அரிதாய்க் கிடந்த அந்த வடிவம் மேலே வந்தது. அதை உலகெங்கும் பரப்பியதில் முக்கியப் பங்கு நியர்க்டிக்குக்கும் அதன் மகன் நார்தர்ன் டான்சருக்கும்.

ஆனால் இந்தச் சோதனை சொல்வது எந்தத் தூரம் ஏற்றது என்பதை மட்டுமே. அந்தத் தூரத்தில் இது முதலில் வருமா கடைசியில் வருமா என்று சொல்லாது. எடின்பரோவின் அலஸ்டர் வில்சனும் ஆண்ட்ரூ ராம்போவும் 2008இல் கணக்கிட்டபோது, குதிரைகள் வாழ்நாளில் வெல்லும் பரிசுத்தொகையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 10 சதவீதத்துக்குத்தான் மரபணு காரணம் என்று வந்தது. மீதி தீனி, பயிற்சி, ஜாக்கி, காயம், எந்தப் பந்தயத்தில் இறக்குகிறார்கள் என்பது. அதிகக் கட்டணம் வாங்கும் பொலிகுதிரை நல்ல மரபணுவைக் கொடுக்கிறது என்பதற்கும் அவர்களுக்கு நம்பத்தகுந்த தொடர்பு கிடைக்கவில்லை. பணக்காரர்கள் நல்ல பொலிகுதிரையைத் தேடுகிறார்கள். அவர்களிடமே நல்ல பயிற்சியாளரும் இருக்கிறார். வெற்றி வந்தால் பெயர் பொலிகுதிரைக்குப் போகிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் வளர்ப்பவர்கள் ஒரே சில ஆண்களிடமே குவிகிறார்கள். தரோபிரெட்டுக்குச் சினை ஊசி கூடாது. நேரடியாக இணைசேர்ந்து பிறந்தால்தான் ஏட்டில் ஏறும். முன்பு ஒரு பொலிகுதிரைக்கு ஆண்டுக்கு நாற்பது பெட்டை போல இருந்தது. ஸ்கேன் வந்தபின் பெட்டையின் சினைப்பருவத்தை நாள் பிசகாமல் கணிக்க முடிகிறது. ஒருமுறை சேர்த்தால் போதும். இப்போது இருநூறைத் தாண்டும் பொலிகுதிரைகள் உண்டு. வடக்கில் பருவம் முடிந்ததும் விமானத்தில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி, அங்கே இன்னொரு பருவம்.

விளைவை 2019 இங்கிலாந்து டெர்பியில் காணலாம். ஓடியவை 13 குதிரைகள். 12 குதிரைகள் கலிலியோ என்ற ஒரே பொலிகுதிரையின் மகன்கள், பேரன்கள், கொள்ளுப்பேரன்கள். பதின்மூன்றாவதும் அந்நியம் அல்ல; கலிலியோவின் தகப்பனான சாட்லர்ஸ் வெல்ஸின் ஆண்வழியில் வந்தது. சாட்லர்ஸ் வெல்ஸ் நார்தர்ன் டான்சரின் மகன். 14 பந்தயங்களில் தோல்வியே காணாத ஃபிராங்கெலை எடுத்துக்கொண்டால், தகப்பன் பக்கம் மூன்றாம் தலைமுறையிலும் தாய் பக்கம் நான்காம் தலைமுறையிலும் நார்தர்ன் டான்சர் நிற்கிறது. நெருங்கிய உறவில் சேர்த்தால் சாம்பியன் பிறக்கும் என்று இதைக் காட்டுகிறார்கள். மறுபடியும் அதே தவறு. ஃபிராங்கெலை எண்ணுகிறார்கள். பந்தயத்திடலை எட்டாமலே போன உறவுக் குட்டிகளை எண்ணுவதில்லை.

ஹில் குழு அதையும் எண்ணிப் பார்த்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளின் டி.என்.ஏ.யைக் கொண்டு 2022இல் வெளியிட்ட ஆய்வில், உறவுக் கலப்பு 10 சதவீதம் கூடினால், குதிரை எப்போதாவது ஒரு பந்தயத்திலாவது ஓடும் வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். தோற்ற குதிரைகளும் அல்ல, தோற்கும் வாய்ப்பே கிடைக்காத குதிரைகள் கணக்கில் ஏறியது அப்போதுதான்.

கதவு அடைத்த ஏட்டுக்குள் புது ரத்தம் வரப்போவதில்லை. உள்ளே இருப்பதை வீணாக்காமல் காப்பதற்கு ஒரே வழி, ஒரு பொலிகுதிரை எத்தனை பெட்டைகளோடு சேரலாம் என்பதற்கு வரம்பு வைப்பது. அந்த வரம்பு வேண்டும் என்பதே என் முடிவு. குதிரையை நேசிப்பதாகச் சொல்லும் எவரும் இதைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஏட்டைப் பராமரிக்கும் ஜாக்கி கிளப் 2020 மே மாதம் அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது: அந்த ஆண்டிலும் அதன் பிறகும் பிறக்கும் பொலிகுதிரைகளுக்கு ஆண்டுக்கு 140 பெட்டைகள், அதற்கு மேல் இல்லை. பெரிய பண்ணைகள் வழக்குத் தொடுத்தன. கென்டக்கி சட்டமன்றத்தில் எதிர் மசோதா வந்தது. 2022 பிப்ரவரியில், அந்த விதியின்கீழ் ஒரு குதிரைகூட வருவதற்கு முன்பே, ஜாக்கி கிளப் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.